குருநகர் வீட்டுக்கு வந்த பிரிட்ஜ்

கலியாணமாகி இருபத்திரண்டு வருடம் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருக்கவில்லை. வாங்க வழியில்லாமல் அல்ல, என் கணவருக்கு அது பிடிக்காது. அவர் குருநகரில் பிறந்து, பதினேழு வயதிலிருந்து வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். விடியப் பிடித்த மீன் மத்தியானம் சட்டியில் இருக்கவேண்டும் என்பார். நான் கொக்குவிலில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் அம்மா ஒரு கிழமைக்கான மீனைப் பொதி பொதியாகக் கட்டி உறையவைத்துச் சமைப்பார். கலியாணமான புதிதில் இதை நான் சொன்னபோது, "அப்ப நீங்கள் கொக்குவிலிலை மீனே தின்னேல்லை. மீன்ரை பிரேதத்தைத்தான் திண்டிருக்கிறியள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்தநாள் அவர் கொண்டுவந்த விளைமீனில் குழம்பு வைத்துத் தின்றபின் அந்தக் கோபத்தைத் தொடர முடியவில்லை.

பிறகு அவருக்குச் சீனி வருத்தம் கூடியது. நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் ஊசி. மருந்துக் குப்பிகளைக் குளிரில் வைக்கவேண்டும் என்று கிளினிக்கில் தாதி சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் தன் பிரிட்ஜில் ஒரு மூலையைத் தந்தாள். காலையும் மாலையும் இவர் அந்த வீட்டுப் படலையில் போய் நிற்பார். வள்ளத்தில் நின்று கரைக்குக் கேட்கக் கத்துகிற மனிசன், அங்கே மட்டும் மெல்ல ஒரு செருமல். அவள் கேட்டு வரும்வரை நிற்பார்.

ஒருநாள் மாலை வெறுங்கையோடு திரும்பி வந்து விறாந்தை வாங்கில் இருந்தார்.

"என்னப்பா, ஊசி போட்டாச்சே?" என்று கேட்டேன்.

"வீடு பூட்டு. அவையள் மடு மாதா கோயிலுக்குப் போட்டினம்."

"மருந்து?"

"உள்ளுக்கை."

நான் ஓட்டோ பிடித்து பார்மசிக்கு ஓடி ஒரு குப்பி வாங்கி வந்தேன். இரண்டு நாள் கழித்து வந்த அந்தப் பெண், அவசரத்தில் மறந்துபோனேன் என்று எங்கள் வாசலில் நின்று அழுதாள். அவள் அழுததுதான் இவரை மாற்றியது. அவள் போனபின் சொன்னார்: "என்ரை மருந்துக்காக அதுகள் இனிக் கோயிலுக்குப் போகவும் பயப்பிடப்போகுதுகள். ஒண்டை வாங்குவமப்பா."

வாங்குவம் என்று சொன்னபிறகு அவர் வேறு மனிதர். வலை பின்னுகிற நூலை எடுத்து, குசினி மூலையின் அகலத்துக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு இரண்டு முடிச்சும் போட்டார். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் சூடு வெளியேறாது என்று நாலு விரல் இடம் தள்ளியே அளந்தார். அலுமாரியில் அளவு நாடா இருக்கிறது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் எங்களை நேரே இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். இவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நாங்கள் ரெண்டுபேர். உதுக்குள்ளை என்னத்தை வைக்கிறது? நாங்களே ஏறி இருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டு நடுத்தரமான ஒன்றைக் காட்டினாள். கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குமா, பழுதானால் திருத்த யாழ்ப்பாணத்திலேயே ஆள் இருக்கிறதா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கட்டை எடுத்தார். அதைப் பிரிட்ஜின் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்த்தார். லேசில் வரவில்லை. கதவின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அப்படியே செய்தார். பிறகு கதவைத் திறந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்தார். "எங்கடை மூலையிலை கதவு சுவரிலை முட்டும். முட்டினால் இந்தத் தட்டு முழுக்க வராது" என்றார். எனக்கு அது தோன்றவேயில்லை. அரிசிப் பீப்பா நிற்கிற மற்ற மூலைக்கு மாற்றலாம் என்று அங்கேயே தீர்மானித்தோம்.

"ஐயா முந்தி உந்த வேலையோ செய்தனீங்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நான் வள்ளத்திலை ஐஸ் பெட்டியோடை கிடக்கிறவன். மூடி இறுக்கமில்லையெண்டால் கரைக்கு வரேக்கை மிஞ்சிறது தண்ணிதான்."

பிரிட்ஜைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நான் என்று நினைத்துத்தான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். குளிரை வாழ்நாளெல்லாம் காவல் காத்தவர் என் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நடுத்தரப் பிரிட்ஜையே எடுத்தோம்.

அடுத்தநாள் காலை பத்து மணிக்கு லொறி வந்தது. வாசலால் சுகமாக வந்த பிரிட்ஜ் குசினிக் கதவில் நின்றுவிட்டது. மூலையை அளந்தவர் அந்தக் கதவை அளக்கவில்லை. அரை அங்குலம் போதாது. இறக்க வந்த இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நூலைப் பார்த்தார். அளவு நாடாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஆணித்திருகியைக் கொண்டுவந்து, குசினிக் கதவின் பிணைச்சல்களைக் கழற்றி, கதவையே எடுத்து முற்றத்தில் சாத்தினார்கள். பிரிட்ஜ் உள்ளே போனது.

இறக்கினவர்கள் போகும்போது, "நாலு மணித்தியாலம் போடாமல் வையுங்கோ ஐயா. ஆடி வந்தது, எண்ணெய் கீழை இறங்கோணும். நீட்டு வயரிலை கொழுவாதேங்கோ, சுவர்ப் பிளக்கிலையே குடுங்கோ" என்று சொன்னார்கள். நாலு மணித்தியாலமும் இவர் கதிரையைப் போட்டு அதன் முன்னால் இருந்தார். சாப்பாட்டையும் அங்கேயே கேட்டார். இரண்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டதும் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, "எஞ்சின் சத்தம் நல்லம்" என்றார்.

குளிர் ஏறியபின் பக்கத்து வீட்டிலிருந்து குப்பிகளை எடுத்துவந்தோம். கதவுத் தட்டில் வைக்கப்போனேன். அவர் தடுத்தார். கதவு திறந்து மூட அங்கே குளிர் மாறும், ஐஸ் தட்டுக்குக் கிட்ட வைத்தால் மருந்து உறைந்து பழுதாகும், நடுத்தட்டுத்தான் சரி என்று தாதி சொன்னதைச் சொல் பிசகாமல் ஒப்புவித்தார். நடுத்தட்டில் ஒரு சிறிய டப்பாவுக்குள் குப்பிகளை வைத்தோம். இரண்டு நாளைக்கு அதோடு தண்ணீர்ப் போத்தல்களும் பாதித் தேங்காயும் மட்டுமே இருந்தன. வேறு என்ன வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள், மூன்று நாள் தோசைக்கான மாவை ஒன்றாக அரைத்து, புளித்ததும் உள்ளே வைத்தேன். அதன்பிறகு என் காலையில் ஒரு அரைமணித்தியாலம் மிஞ்சத் தொடங்கியது. இவரும் உடம்புக்காக இப்போது ஒன்றைவிட்டு ஒருநாள்தான் தொழிலுக்குப் போகிறார். போகாத நாட்களில் ஊசி போட்டு, தோசை சாப்பிட்டு, சீனியில்லாத தேத்தண்ணி குடித்துவிட்டு, இருவருமாகக் கரைப்பக்கம் நடக்கிறோம். வலை உதறுகிறவர்கள் தலை நிமிர்ந்து, "எங்கை, ரெண்டுபேருமாய் வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்பார்கள்.

"சும்மா" என்பார் இவர். வள்ளங்கள் வந்து சேரும்வரை நிற்போம்.