சங்கு நிற்கும் வரை

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களம் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருந்தது. அதையொட்டிய சரிவில் போன வருடம் ஒரு பெட்டியைப் புதைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் அதைக் கொண்டுவந்திருந்தார். பெட்டியிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய பட்டை பொலித்தீன் போல மெல்லியது. மண் அதிர்ந்தால் அந்தப் பட்டையே மின்சாரம் உண்டாக்குமாம். மழை, ஓடை, கொழுந்து லொறி, ஆள் பேச்சு எல்லாம் கலந்து வரும் சத்தத்திலிருந்து மண்சரிவுக்கு முன்னால் மண் விரியும் சத்தத்தை மட்டும் பெட்டி பிரித்தெடுக்கும் என்று அவர் சிங்களத்தில் விளக்கினார்.

"நம்ம பேசுறதெல்லாம் கேக்குமா?" என்றார் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர். ஆள் பேச்சை வேறாக்கி வீசிவிடும் என்று நான் சொன்னேன்.

"தோட்டத்துத் தொரையும் அதத்தானே செய்றாரு."

ஆபத்தென்றால் பெட்டி ஊதும், கீழே பாடசாலைக்கு ஓடுங்கள் என்றார்கள். ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு தடவைகூட ஊதிக் காட்டவில்லை.

பெருமழை பெய்த ஒரு காலையில், பிரட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அது ஊதியது. தினமும் பிரட்டுக்கு அழைக்கும் பேக்டரிச் சங்கு போலவே அச்சு அசலாக இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை என் மகள் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். "இன்னைக்கு வெள்ளனயே ஊதிட்டாங்கப்பா" என்று மழைக்குப் போர்த்தும் படங்கைச் சுற்றிக்கொண்டு மேலே ஓடினாள். லயமே ஓடியது.

நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். சங்கு ஒரு மூச்சு ஊதி நின்றுவிடும். இது நிற்கவில்லை. முகத்துச் சோப்போடு ஓடினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. படியேறும் முதுகுகள் எல்லாவற்றிலும் ஒரே நிறப் படங்கு. கடைசியாகப் போனவளைப் பிடித்திழுத்து, ஊதுவது பெட்டி என்று காதோடு கத்தினேன். அவள் முன்னால் போனவளை இழுத்தாள். அப்படியே ஒருவர் தோளை ஒருவர் இழுத்துச் செய்தி மேலே போனது. இறங்கி வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோருக்கும் முன்னால் ஓடிய என் மகள் எல்லோருக்கும் பின்னால் இறங்கினாள்.

பாடசாலை வாசலை எட்டியபோது பிரட்டுக்களம் மண்ணுக்குள் போனது. அந்தச் சத்தத்தைப் பிரித்துச் சொல்ல ஒரு பெட்டியும் தேவைப்படவில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தார். பெட்டி சரியாகக் கேட்டு, சரியான நேரத்தில்தான் ஊதியிருக்கிறது என்றார். சங்கு மாதிரி ஊதினால் நாங்கள் மேலேதானே ஓடுவோம் மிஸ் என்று என் மகள் சிங்களத்தில் கேட்டாள். அவர் ஊதலை மாற்றித் தருவதாகச் சொல்லிப் போனார்.

பிரட்டை பேக்டரி முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். லயத்தை மாற்றவில்லை. பெறுபேறும் வரவில்லை, புது ஊதலும் வரவில்லை. சங்கோ பெட்டியோ, காலையில் ஊதியதும் வாசலில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

"விடுங்கப்பா, அரப்பேரு போட்டுருவாங்க."

சத்தம் நிற்கும் வரை நான் விடுவதில்லை.