உள்நாக்கு போன பிறகு

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வலியைவிடத் தூக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் குறட்டை விடுவது பல வருடங்களாக வீட்டில் ஒரு கேலிப்பேச்சு, அவ்வளவுதான். வெளியாட்கள் முன்னால் குறட்டை விட்டுவிடுவேனோ என்று கூச்சப்பட்டு, ரயிலில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடாமலே உட்கார்ந்து வந்திருக்கிறேன். என் கணவர்தான் ஒருநாள் கவனித்தார். குறட்டை சட்டென்று நிற்கிறது, மார்பு அசைகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருபவளைப் போலத் திணறிக்கொண்டு எழுகிறேன். பரிசோதனையிலும் அதுவே தெரிந்தது. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினாலே எனக்கு மூச்சு முட்டியது. கடைசியில் டான்சிலையும் உள்நாக்கையும் எடுத்து, மேலண்ணத்தின் பின்பக்கத்தை இறுக்கித் தைத்து அனுப்பினார்கள்.

இந்த வங்காளி ஊரில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு, இரண்டாவது மாடி. தொண்டை வீங்கியிருந்ததால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வேன். உடனே மூச்சு நின்றுவிட்டது போலத் தூக்கிவாரிப் போடும். கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "நான் முழிச்சுட்டுதான் இருக்கேன், நீ தூங்கு" என்பார். அவரும் அயர்ந்துவிட்டால் யார் பார்ப்பது என்று நான் விழித்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியாக வந்தது. பேசக் கூடாது. வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகும் மகளிடம் போனில் தட்டித்தான் எதையும் சொல்வேன். அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவேன்.

டாக்டர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். தையல் போட்ட இடத்தில் வெள்ளையாகப் படலம் கட்டும், ஒரு வாரம் போனால் அது உரியும், அப்போது ரத்தம் வரலாம், எச்சிலில் கோடு போல வந்தால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் துப்பிவிட்டு வாஷ்பேசினைப் பார்ப்பேன்.

அது வந்தது ஒரு மத்தியானம். விடுப்பு முடிந்து கணவர் அன்றைக்குத்தான் கார்டன் ரீச்சில் உள்ள ஆபீசுக்குப் போயிருந்தார். காலையிலிருந்து மழை, சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். உருகின ஐஸ்கிரீமை ஸ்பூனால் விழுங்கிக்கொண்டிருந்தேன். இனிப்புக்கு நடுவே வெதுவெதுப்பாக உப்புக் கரித்தது. எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினேன், சிவப்பு. மறுபடி துப்பினேன். மூன்றாம் தடவை வாய் நிறைய வந்தது.

மழையால் வீட்டிலேயே இருந்த மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரலுக்குப் பதில் ரத்தம்தான் வந்தது. குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினேன். ஓடி வந்தவள் பேசினைப் பார்த்து வங்காள மொழியில் என்னவோ சொன்னாள். பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. அப்படியே நின்றுவிடுவாளோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"மா, குனிஞ்சு உக்காரு. முழுங்காத, துப்பிடு. ஐஸ் தண்ணி தரேன், கொப்புளிச்சுட்டே இரு."

வாடகை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர மறுத்தன. மகள் கீழ்வீட்டு காக்கிமாவை அழைத்து வந்தாள். மகளுக்கு அவர் சித்தி முறை போல, எனக்கும் காக்கிமாதான். அவர் பேசினைப் பார்க்கவே இல்லை, என் முகத்தை மட்டும் பார்த்து, "கிச்சு ஹொபே நா" என்றார், ஒன்றும் ஆகாது என்று. தெருமுனையில் பையன்கள் நடத்தும் கிளப்பின் ஆம்புலன்சை அவர்தான் போனில் வரவழைத்தார். அது சந்துக்குள் வர முடியாமல் மெயின்ரோட்டில் நின்றது.

ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் காக்கிமா, என் கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அந்தத் தண்ணீரில் காலால் துழாவித் துழாவி நடந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மயங்கினால் ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று ஒரே நினைப்பு. ஆம்புலன்சில், பீரோ சாவி இருக்குமிடம் இவளுக்குத் தெரியாதே என்று தோன்றியது. போனை எடுத்தேன், விரல் வழுக்கியது, தட்ட முடியவில்லை. அப்போதுதான் நிஜமாகவே செத்துப்போய்விடுவேன் என்று நம்பினேன்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் உறைந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, மருந்தில் நனைத்த துணியைத் தொண்டைக்குள் வைத்து அழுத்தினார். இதில் நிற்காவிட்டால் மயக்கம் கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார். மறுபடி தூங்க வைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையை விலக்கவில்லை, அழுத்துவதையும் விடவில்லை. ரத்தம் மெல்ல மெல்ல நின்றது. கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள்.

கணவர் தொடை வரை நனைந்த பேண்ட்டோடு வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் டாக்டரைப் பார்க்கப் போனதும் மகள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ செத்துடுவேன்னு நெனச்சேன்மா. அத அப்பாகிட்ட போன்ல எப்படி சொல்றதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வந்தேன்."

தமிழில்தான் சொன்னாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அதன்பின் ரத்தம் வரவில்லை. புண் ஆறியது, குரல் கொஞ்சம் மாறி வந்தது. மறுபரிசோதனையில், மூச்சு நிற்பது நன்றாகக் குறைந்திருக்கிறது, அடியோடு போகவில்லை என்றார்கள். ஒருக்களித்துப் படுக்கிறேன், காலையில் தலை கனப்பதில்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது வாயில் லேசாக உப்புக் கரித்தால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய், விளக்கைப் போட்டு, கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கிறேன்.