திருப்பி ஒட்டிய உணரி

என் மேசையில் விரல்நகம் அளவில் ஓர் உலோகத் துண்டு கிடக்கிறது. ஒரு பொருள் எந்தத் திசையில் அதிர்கிறது என்று சொல்லும் உணரி. மேலே சின்னதாய் ஓர் அம்புக்குறி. சாவகச்சேரியில் அண்ணையின் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இரத்த உறவில்லை, இங்கிலாந்தில் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்த தொழில்நுட்பவியலாளரைத்தான் அப்படிக் கூப்பிட்டேன்.

விண்கலத்தில் ஏற்றும் தொலைநோக்கி ஒன்றின் நடுக்கத்தை அடக்குவது எங்கள் வேலை. அதைக் குளிரூட்டும் பம்பி ஓயாமல் அதிரும். மயிரிழை அதிர்வு போதும், படம் கலங்கிவிடும். உணரி அதிர்வைச் சொல்ல, என் நிரல் அதற்கு நேர் எதிராகத் தள்ள வேண்டும். “மேலை போய் ஸ்பானர் பிடிக்கேலாது தம்பி, இஞ்சையே சரியாச் செய்” என்பார் அண்ணை. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பது விதி. நாங்கள் எழுதுவதில்லை. தமிழில் வாயால் சொல்லிவிட்டு, சுற்றியிருந்தவர்கள் விழிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அந்த இடத்தில் எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சோதனைக்கு முதல்நாள், “வயர் எட்டேல்லை, உணரியைத் திருப்பி ஒட்டிப்போட்டன். உன்ரை நிரலிலை திசையை மாத்து” என்றார். “ஓம் அண்ணை” என்றேன். மாற்ற மறந்துபோனேன். மறுநாள், எதிர்த்துத் தள்ளவேண்டிய நிரல் அதிர்வோடு சேர்ந்து தள்ளியது. நிறுத்தும் பொத்தானை அழுத்துமுன் தொலைநோக்கியின் கண்ணாடி வெடித்துவிட்டது.

திருப்பி ஒட்டியதை அவர் சொன்னாரா என்று விசாரணையில் என்னைக் கேட்டார்கள். பதிவேட்டில் ஒன்றுமில்லை. இல்லை என்றேன். அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு இப்போது நினைவு வந்துவிடும் என்று காத்திருந்த முகம் அது. பிறகு குனிந்துகொண்டார். அவருக்கு வேலை போனது. ஊருக்கு வந்து தண்ணீர்ப் பம்பி திருத்தினார். நான் ஒரு கடிதமும் எழுதவில்லை.

ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் திரும்பிய பின்னும் அவருடைய படலையைத் திறக்கவில்லை. செத்தவீட்டுக்கும் போகவில்லை. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது என்று கேள்விப்பட்டே போனேன். அவர் மனைவி, அக்கா, தேத்தண்ணியை வைத்துவிட்டு, உள்ளே போய் இந்த உணரியை எடுத்துவந்தார்.

“தம்பி ஒருநாள் வருவான், குடு எண்டவர். அவனிலை கோபமில்லையோ எண்டு கேட்டன். நான் சொன்னதை அவன் மறந்துபோனான், பொய் சொல்லுற பெடியன் இல்லை எண்டார்.”

நிரலை மாற்றத்தான் மறந்தேன், அண்ணை சொன்னதை மறக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது, விசாரணையிலும்.  அக்கா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இதை அவர் இருக்கேக்கை வந்து சொல்லியிருக்கலாம்.”

அதே உணரிதான். அண்ணை அன்று பூசிய பசை இன்னும் அடியில் இருக்கிறது. இன்று காலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.