லிண்ட்சே ட்ரெவின் நட்ட ஒரே மரம்

லிண்ட்சே ட்ரெவினுக்கு மரம் பிடுங்கத்தான் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைச் சீமையில் அரசாங்கம் அவனுக்குக் காட்டு நிலம் கொடுத்தபோது வயது இருபத்து நான்கு. கெடுவுக்குள் அதை வெட்டவெளியாக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்தான்; யூக்கலிப்டஸ் காடு வேரோடு சாய்ந்தது.

கல்யாணமான வருஷம், பாறைக்குப் பின்னால் நின்ற ஒரு மரத்தை மனைவி நோலா காட்டினாள்.

"இத மட்டும் விட்டுடு லிண்ட்சே. பூ எப்படித் தொங்குது பாரு."

"பூ பாக்கவா இங்க வந்தோம்?" என்றான். அதையும் சாய்த்துக் கொளுத்தினான்.

இருபது வருஷம் கோதுமை நன்றாக விளைந்தது. பிறகு, உறிஞ்ச மரங்கள் இல்லாத நிலத்தில் அடிநீர் உப்போடு மேலே ஏறியது. பள்ளத்து வயல் முதலில் வெளுத்தது. அப்புறம் வீட்டுக் கிணறு. அறுபத்து மூன்று வயதில், வந்த விலைக்குப் பண்ணையைத் தள்ளிவிட்டு டவுனுக்குக் குடிவந்தார்கள்.

அங்கே தண்ணீர்ப் பஞ்சம்; புல்லுக்குத் தண்ணீர் விடத் தடை. முன்வாசல் பொட்டலாகக் கிடந்தது. நோலா அவனை நர்சரிக்கு இழுத்துப் போனாள்.

கடைக்காரப் பெண் டீகன் ஒரு தொட்டியை எடுத்து வைத்தாள். "சில்வர் பிரின்சஸ். இதுவும் யூக்கலிப்டஸ்தான். வேர் பிடிச்சிட்டா தண்ணியே கேக்காது. உரமும் போட்டுடாதீங்க. வாசல்ல ஒண்ணு நின்னா வீட்டுக்கே ஒரு களை வந்துடும்."

"எங்க ஊர்ல இதக் களைன்னுதான் பிடுங்கினோம்" என்றான் லிண்ட்சே.

நோலா அவனைப் பார்க்காமலே டீகனிடம் சொன்னாள்: "எங்க நிலத்துல இது சும்மாவே நின்னுச்சும்மா. அப்ப இவருக்குக் கண்ணு தெரியல."

அவனே முன்வாசலில் குழி தோண்டி நட்டான். நான்காம் குளிர்காலத்தில் மாவு பூசியது போன்ற கிளைகள் தரை தொடத் தாழ்ந்து, மஞ்சள் நுனியோடு ரோஜா நிறத்தில் பூத்தன. போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ராசியான கைப்பா உனக்கு" என்றார் பக்கத்து வீட்டு மெர்வ்.

"அந்தக் கை எத்தனை ஆயிரம் சாய்ச்சிருக்குன்னு கேளுங்க மெர்வ்" என்றாள் நோலா. மெர்வ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே வந்ததும் லிண்ட்சே கேட்டான்: "எல்லாருந்தானே வெட்டினாங்க? வெட்டலேன்னா நிலத்தத் திரும்பப் புடுங்கியிருப்பாங்க, தெரியாதா உனக்கு?"

"ஒண்ண விடச் சொன்னேன். ஒண்ணுக்காகவா புடுங்கியிருப்பாங்க?"

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் காலைத் தேநீரைக் கொல்லைப்புறத்தில், தகர வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்து குடிக்கிறான். வெளியே போகவும் வரவும் பின்கதவுதான்.