துரைசாணியின் முயலும் வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கும்

என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாளும் சீப்பு வாங்கிக் கொடுத்ததில்லை. கல்யாணத்தில் அம்மா கொடுத்த சீப்பிலேயே, பல் பாதி போன பிறகும், நான் வாரிக்கொண்டிருந்தேன். ஆனால் துரைசாணியின் முயலுக்காகப் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் புதுச் சீப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றாரே, அன்றைக்கு எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முயல்மேல் பொறாமை வந்தது.

அவர் அப்போது ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பெரிய கிராணி வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அந்த நாற்காலி யாருக்கு என்று துரை இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் துரையும் துரைசாணியும் ஒரு மாதம் மலைக்குக் கிளம்பினார்கள். முயலை யார் பார்த்துக்கொள்வது என்று துரை ஆபீஸில் கேட்டிருக்கிறார். கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முயல் கூடையில் வந்தது. வெள்ளை வெளேரென்று நீள முடி. கண்ணும் மூக்கும் எங்கே என்று தேட வேண்டும். கூடவே துரைசாணி எழுதிய ஒரு சீட்டு: தினமும் அவளுக்குச் சீவிவிட வேண்டும், புல் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை அவர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். முதல் நாள் தானே சீவ உட்கார்ந்தார். முயல் ஓர் உதை விட்டதும் சீப்பு என் கைக்கு வந்துவிட்டது. மேற்பார்வை மட்டும் அவருடையது. மறுநாள் அது என் முன்கையைக் கீறி ரத்தம் வந்தது. ஓடி வந்தார்.

“முயலுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார்.

பத்தாம் நாள் முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக. ரசத்தில் முடி, பாயில் முடி, அவருடைய கறுப்புக் கோட்டில் முடி. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “என்னக்கா, மெத்தை தைக்கிறீங்களா?” என்று கேட்டாள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“துரை வந்தா மொட்டை முயலையா காட்டுறது? நாற்காலி போச்சுடி!”

அடுத்து நடந்ததற்குப் பழியை அவர்மேல் போட மாட்டேன். அந்தப் புத்தி என்னுடையதுதான். முடி கொட்டினால் உடம்புச் சூடு; சூட்டுக்கு எண்ணெய் முழுக்கு. இதற்குத் துரைசாணியின் சீட்டு எதற்கு? எந்தக் கிழமையில் முழுக்காட்டுவது என்பதில்தான் தகராறு. ஆணென்றால் சனி, பெண்ணென்றால் வெள்ளி. சீட்டில் ‘அவள்’ என்று இருந்ததைக் கண்டுபிடித்து, கிராணி வெள்ளிக்கிழமைக்கு உத்தரவு போட்டார். நல்லெண்ணெயைக் காய்ச்சி, சூடு பறக்கத் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசினேன். கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன் என்பது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

காய்ந்த பிறகு அது முயலாக இல்லை. கால்மிதி மாதிரி முடி கட்டிக்கொண்டதில், சீப்பு உள்ளே போகவே மறுத்தது. அது ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணெயை நக்கிக்கொண்டே இருந்தது. புல்லைத் தொடவில்லை. மறுநாள் கூடையைக் கூட்டும்போது பார்த்தேன்: புழுக்கை நாலைந்துதான், அதுவும் முடியில் கோத்த மணிகள் போல. தன் முடியைத் தானே விழுங்கி வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு நாற்காலி மறந்துபோயிற்று. அந்தச் சின்ன மூக்கு துடிப்பதை நிறுத்திவிடுமோ என்று அழுகை வந்துவிட்டது.

அவர் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். “பத்துமலை முருகா, இது பிழைச்சா என் முடியை இறக்குறேன்.”

“உங்க முடியை முருகன் பார்த்துக்குவார். இதோட முடியை நான் பார்த்துக்கிறேன்” என்று தையல் கத்தரிக்கோலை எடுத்தேன்.

காலையில் மடியில் போட்டுக்கொண்டவள், வெயில் சாயும்வரை தோலில் படாமல் நறுக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முயலின் காதைப் பிடித்திருந்தார். முடியெல்லாம் போன பிறகு பெருச்சாளி அளவுக்கு ஒன்று மிச்சமிருந்தது. வாய்க்கால் ஓரத்துப் புல்லாகப் பறித்துப் போட்டேன், தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் அது புல்லைக் கடித்தது. அன்று சாயங்காலம் கூடையில் புழுக்கை குவிந்து கிடந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் பட்ட சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பத்துமலைக்குப் போய் வேண்டுதலை முடித்தார்.

துரை வந்ததும் பங்களாவுக்குப் போனோம். கூடையில் மொட்டை முயல். கூடைக்குப் பின்னால் மொட்டைக் கிராணி. துரைசாணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டி, தனக்குத் தெரிந்த மலாயில் “பாகுஸ்! பாகுஸ்!” என்று பாராட்டினாள். இந்த வெயிலுக்கு இதைக் கத்தரிக்கத்தான் வேண்டுமாம். இங்கே யாருக்கும் செய்யத் தெரியாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாளாம். யார் செய்தது என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் தலையைத் தடவிக்கொண்டே, “நான்தான், மேடம்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாற்காலி இன்னொரு கிராணிக்குப் போயிற்று. முயலைப் பற்றித் துரை கேட்டபோது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவருக்கு. எங்கள் வீட்டுக்குத் துரைசாணியின் இரண்டாவது சீட்டு வந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறன்று, பங்களாவுக்கு வந்து முயலுக்கு முடி வெட்டவும்.

முதல் ஞாயிறு வந்தபோது, “நீயும் கூட வாயேன்” என்று குழைந்தார்.

“நான்தான்னு சொன்னது யாரு? போயிட்டு வாங்க” என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கோட்டெல்லாம் வெள்ளை முடி, இரண்டு கையிலும் கீறல், கட்டைவிரலில் துணிக்கட்டு. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, “கடிச்சிடுச்சு” என்றார்.

“முயலுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டேன்.