மில் நின்றதும் புகைந்த ரேடியோ

வவுனியாவுக்கு வேலை மாற்றம் கிடைத்தபோது, பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும் என்று குடும்பத்தை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். கந்தோர் வேலை முடிந்து வந்தால் வீட்டில் என்னோடு பேசுவது ரேடியோ மட்டும்தான்.

அதுவும் பொழுதுபடும் நேரத்தில் முனகத் தொடங்கிவிடும். பக்கத்து அரிசி மில்லின் மோட்டர் ஓடும்போது எங்கள் லைனில் வோல்டேஜ் குறைந்து, பல்பும் மங்கிப்போகும். ரேடியோவின் பின்புறத்தில் 110, 160, 200, 230 என்று வோல்ட் எண்கள் போட்ட ஒரு குமிழ் உண்டு; வரும் கரண்டுக்கு ஏற்றபடி திருப்பி வைப்பதற்கு. ஒருநாள் அதை 230இலிருந்து 160க்குத் திருப்பிப் பார்த்தேன். குரல் கணீரென்று வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

குளித்துக்கொண்டிருக்கும்போது பாட்டு சட்டென்று நின்றது. ஓடிவந்து பார்த்தால் அறை முழுக்கப் புகை. பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ரேடியோவின் மேல் மனைவி பின்னிப் போட்ட துணி ஓரத்தில் கருகத் தொடங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, துணியை முற்றத்தில் எறிந்தேன்.

மறுநாள் ரேடியோ திருத்துபவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மில் நிண்டவுடன கரண்ட் பழையபடி கூடுமெல்லோ ஐயா! நூற்றி அறுபதில விட்டா எரியாம என்ன செய்யும்? புகை மணந்தவுடன வீட்டில ஒருத்தரும் நிப்பாட்டேல்லையோ?"

"வீட்டில ஒருத்தரும் இல்லை" என்றேன்.

ரேடியோ திருத்தி வந்தபிறகு அந்தக் குமிழை 230ஐ விட்டு அசைப்பதில்லை. மங்கிய பல்பின் கீழ் சும்மா இருக்கிறேன். வெளிச்சம் சட்டென்று கூடினால், மில்காரர்கள் வேலையை முடித்துத் தங்கள் வீடுகளுக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரியும். அதன் பிறகுதான் நான் ரேடியோவைப் போடுகிறேன்.