பதினோரு ரூபாய் மிச்சம்

இன்று குன்னூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், கோவை ஹாஸ்டலில் இருக்கும் மகள் ரம்யாவுக்குப் போனில் மெஸ் பீஸ் அனுப்பப் பார்த்தேன். மாசக் கடைசி, அதனால் கிரெடிட் கார்டில் இருந்து. ஆப் பதினோரு ரூபாய் கட்டணம் கேட்டது.

எனக்கு மனசு வரவில்லை. 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் வந்த இன்னொரு ஆப்பை இறக்கினேன். நம்பர்களைப் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா என்று அது வரிசையாகக் கேட்டது. பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

என்னோடு பாக்டரியில் வேலை செய்யும் செல்வம் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கட்டணமே வாங்கலீன்னா அவன் எப்படிங்க பொழைப்பான்?"

"உலகத்துல நல்லவங்களும் இருக்காங்க செல்வம்," என்றேன். பணமும் உடனே போய்ச் சேர்ந்தது.

அருவங்காட்டில் இறங்கும்போது ரம்யா கூப்பிட்டாள்.

"அப்பா, லோன் ஏதாச்சும் வாங்கினீங்களா? யாரோ ஒருத்தர் கூப்பிட்டு, உங்கப்பா பணம் கட்டலீன்னா உன் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிருவேன்னு சொல்றாருங்கப்பா. மஞ்சச் சுடிதார் போட்டோவாம்."

நான் லோன் எதுவும் வாங்கவில்லை. அந்த மஞ்சச் சுடிதார் போட்டோ, தீபாவளிக்கு நான் எடுத்தது. என் போனைத் தவிர வேறு எங்கேயும் கிடையாது.

ஆப்பை அழித்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். பதினோரு ரூபாயை மிச்சம் பிடித்த கதையை அங்கே எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

என் பக்கத்தில் இதைப் படிக்கும் நண்பர்களே, உங்கள் நம்பரும் என் போனில்தான் இருக்கிறது. உங்களில் யாரையெல்லாம் கூப்பிட்டார்கள் என்று கீழே சொல்லுங்க.